கிடைக்கும் வரை நில்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். கோபாலபுரம் கார் ஷெட்டில் வகுப்பு. கோடிங் சொல்லித்தரும் இடம், கம்ப்யூட்டர் ஒன்றுகூட இல்லை. தரையில் சாக்பீஸ் கட்டம். ஒரு குழந்தை ரோபோ, மற்றவர்கள் சீட்டில் கட்டளை எழுதுவார்கள்: முன்னே இரண்டு, வலம் திரும்பு.

வாங்க: சாக்பீஸ், மிட்டாய், முட்டிக்குத் தைலம்.

வகுப்பை நடத்தும் சாரிடம் என் சர்டிபிகேட்டை மூன்றாம் முறை கேட்டாயிற்று. வரும் திங்களன்று அரசுப் பள்ளி வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. சேர்ந்த நாளிலிருந்து என் டிகிரி ஒரிஜினல் அவர் பீரோவில். "நீ கையெழுத்துப் போட்ட பாண்டு முடிய இன்னும் பதினாலு மாசம் இருக்கேம்மா. பத்திரமாத்தானே வெச்சிருக்கேன்." சிவப்பு வளையத்தில் பீரோ சாவியைச் சுற்றிக்கொண்டே சொல்கிறார். பத்திரமாம்! பற்றிக்கொண்டு வந்தது.

ஜூலை 10, வியாழன்

மழை வருவதுபோல் காட்டி ஏமாற்றியது.

ஜனனி (எட்டு வயது, வாய் ஓயாது) இன்று ரோபோ. "நட" எழுதியவர்கள் "நில்" எழுதவில்லை. சுவரில் மூக்கு முட்டியும் அங்கேயே காலைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பெருக்க வந்த செல்வியக்கா பதறிப்போனாள். "இன்னா மிஸ், பாப்பா செவுத்துல நடந்துகினே கீது?"

"நிக்கச் சொல்லலையே மிஸ்" என்றாள் ஜனனி.

எல்லோரோடும் சிரித்தேன். நானும் அப்படித்தானே என்று பஸ்ஸில் அழுகை வந்தது.

இடம்-வலம் தகராறும் தீரவில்லை. ரோபோவுக்கு எதிரே நின்றுகொண்டு தங்கள் வலத்தை எழுதிவிடுகிறார்கள். எழுதியது எழுதியதுதான், நடுவில் திருத்தக் கூடாது. ரோபோ பேசவும் கூடாது. நான் போட்ட விதிகள்.

ஜூலை 12, சனி

வெயில். பெற்றோர் நாள். நான்தான் ரோபோ. என் இடப்பக்கம் மேசைமேல் மிட்டாய். வலப்பக்கம் நாற்காலியில் சார்.

எதிரே நின்று ஜனனி எழுதிய சீட்டு: வலம் திரும்பு. முன்னே நாலு. கை நீட்டு. கிடைக்கும் வரை நில்.

வலம் திரும்பினேன். நாலு எட்டு வைத்தேன். சாருக்கு முன்னால் கை நீட்டி நின்றேன். ஒரே சிரிப்பு.

"ஐயோ மிஸ், அந்தப் பக்கம்!" ஜனனி கத்தினாள்.

சாரும் சிரித்தார். "மிஸ்ஸுக்கு என்ன வேணுமாம்?"

விதியாவது ஒன்றாவது. "என் டிகிரி சர்டிபிகேட், சார்."

சிரிப்பு நின்றது. ஜனனியின் அம்மா எழுந்தார். "அதை நீங்க ஏன் சார் வெச்சுண்டிருக்கேள்?"

பீரோ சாவி வீட்டில் இருக்கிறதாம். அவர் சட்டைப் பையில் சிவப்பு வளையம் பாதி வெளியே.

என்ன ஆயிற்று என்று ஜனனிக்குப் புரியவில்லை. சீட்டைப் பார்த்துக் கடைசி வரியை மறுபடி சத்தமாகப் படித்தாள்.

நான் கையை இறக்கவில்லை.