கணுக்காலளவு தண்ணீர்

நவம்பர் 3, திங்கள்

விடியற்காலையில் இருந்து தூறல். உடுப்பு ஒன்றும் காயவில்லை. வாங்க வேண்டியது: தேயிலை, மண்ணெண்ணெய், கொசுவர்த்தி.

கிராம சேவகர் கந்தோர்ச் சுவரில் புது வெள்ள வரைபடம் ஒட்டியிருக்கிறது. எதிர் வீட்டுப் பரம் அண்ணை வந்து கூட்டிப்போய்க் காட்டினார். பழைய படத்தில் எங்கள் ஒழுங்கை, இந்தச் சந்து முழுக்க, வெள்ளை. இதில் காலி வீதிப் பெரிய ரோட்டில் இருந்து வெள்ளவத்தை வாய்க்கால் வரை முழுக்கச் சிவப்பு. சிவப்பு என்றால் வீட்டைத் திருத்த அனுமதி இல்லை. வாய்க்காலை அகலமாக்கும்போது வீடுகளை எடுத்துவிடுவார்கள். பதிலுக்கு எங்கேயோ ஓர் இடம். எங்கே, எப்போது, ஒன்றும் எழுதவில்லை.

மறுப்பு இருந்தால் ஒரு மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒழுங்கை முழுவதும் சேர்ந்து ஒரே மனுவாகவும் கொடுக்கலாம். காரணம் வேண்டும், அத்தாட்சி வேண்டும். பிறகு ஓர் அதிகாரி நேரில் வந்து பார்த்து, ஆட்களையும் விசாரிப்பார்.

"பிள்ளை, உம்மட்டைத்தானே ரைப்ரைட்டர் இருக்கு" என்றார் பரம் அண்ணை. எனக்கு ஐம்பத்தாறு. இன்னமும் பிள்ளை.

நவம்பர் 5, புதன்

பின்னேரம் கூட்டம். என் வீட்டு ஹோலில்தான், வேறு யாரிடம் இத்தனை கதிரை? சீனி முடிந்தது.

கையெழுத்துப் போட எல்லோருக்கும் பயம். பக்கத்து வீட்டு பாத்திமா ராத்தா: "பேரும் அட்ரஸும் கவர்மெண்டுக்கு எழுதிக் குடுக்கிற காலமா இது?"

கடைசி வீட்டு யோகன்: "வீட்டிலை ஆர் ஆர் இருக்கினம் எண்டு பொலிசுக்கு எப்பவோ எழுதிக் குடுத்தாச்சு ராத்தா. எங்கடை வீட்டுப் பூனைதான் இன்னும் பதியேல்லை." எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

யோகனுக்கு மீன் சந்தையில் வேலை. மனைவி, இரண்டு பெண்பிள்ளைகள். வீடு வாய்க்காலோடு ஒட்டினாற்போல. வெள்ளிக்கிழமை நான் மரக்கறிச் சாப்பாடு என்று தெரிந்து, சனி விடிய என் கேற்றில் ஒரு பை மீன் கொழுவிவிட்டுப் போவான். கேட்டால், மிஞ்சினது என்பான்.

சிரிப்பு அடங்கியதும் அவன்தான் சொன்னான்: "வீடு போனா எங்கை போறது? வாடகைக்குக் கேட்டா முதல் பேரைக் கேக்கிறாங்கள். பேரைச் சொன்ன உடனை வீடு இல்லை எண்டுறாங்கள்."

அதற்குப் பிறகு எவரும் கையெழுத்துக்குப் பின்நிற்கவில்லை.

காரணம் என்ன எழுதுவது? பரம் அண்ணை சொல்லச் சொல்ல நான் குறித்தேன். 'இந்த ஒழுங்கையில் எந்த வெள்ளத்திலும் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியதில்லை. கணுக்காலளவு நின்று வடிந்ததே அல்லாமல்.'

சொல்லி முடித்தார். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் தேத்தண்ணிக் கோப்பைக்குள் ஏதோ பார்க்க இருந்தது.

நவம்பர் 6, வியாழன்

மழை இல்லை. புழுக்கம். ரைப்ரைட்டர் றிபன் மங்கல்.

அந்த வசனத்துக்கு முன் வரை அடித்தேன். எழும்பிப் போய் அரிசி புடைத்தேன். திரும்பி வந்தேன். பிறகு ஜன்னல் துடைத்தேன்.

போன வருடம் ஜூன் வெள்ளத்தில் இவருக்கு, என் மனுசனுக்கு, நெஞ்சுவலி வந்தது. வீட்டுக்குள் தண்ணீர். அம்புலன்ஸ் ஒழுங்கை வாசலோடு நின்றுவிட்டது. யோகனும் இன்னும் மூன்று பேரும் அறைக் கதவைக் கழற்றி, அதில் இவரைப் படுக்கவைத்துத் தூக்கிப்போனார்கள். எனக்கு முழங்கால் வருத்தம். என்னைச் சாப்பாட்டு மேசையில் ஏற்றி இருத்திவிட்டுப் போனார்கள். காலி வீதிக்குப் போய்ச் சேர முதலே இவர் போய்விட்டார். வழியில் என்ன நடந்தது என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்க முடியவில்லை.

கால் நனைவது இவருக்கு ஆகாது. தூறல் என்றாலே வெளிக்கிட மாட்டார். கொழும்பு வெக்கையிலும் சொக்ஸ் போட்டுத்தான் படுப்பார். அந்த மனுசனை அந்தத் தண்ணீருக்குள்ளால்.

வரைபடம் சரி. பிழையே இல்லை. எங்களுக்குப் போக இடம் இல்லை, அவ்வளவுதான்.

விளக்கு வைத்தபிறகு அடித்து முடித்தேன். கணுக்காலளவு. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

பரம் அண்ணையைப் பொலிசார் பிடித்துவிட்டார்கள். அத்தாட்சிக்குப் படம் வேண்டும் என்று கமராவோடு பாலத்தில் நின்று வாய்க்காலை எடுத்திருக்கிறார். பாலத்தைப் படம் எடுக்கிற தமிழ் ஆள். சண்டை நடக்கிற இந்த நாளில்! இவ்வளவு படித்த மனுசனுக்கு இது தெரியவேண்டாமா?

பொழுதுபட விட்டார்கள். பிலிமை உருவி எடுத்துவிட்டு வெறும் கமராவைக் கொடுத்திருக்கிறார்கள். அடி இல்லை என்கிறார். ஆனால் கொடுத்த தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டார்.

"படம் இல்லை பிள்ளை. இனி வாயாலைதான் சொல்லவேணும். எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்லவேணும்."

போகும்போது கேற்றடியில் நின்றார். "அதிகாரி வாற அண்டைக்கு நீர் வேணுமெண்டா கோயிலுக்குப் போயிரும். கஷ்டப்பட வேண்டாம்."

நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது. என் வீட்டில் நான் நிற்பேன் என்றேன்.

நவம்பர் 24, திங்கள்

வானம் மப்பு. அதிகாரி வந்தார். இளம் ஆள், சப்பாத்தில் சேறு படாமல் நடந்தார். பின்னால் ஒழுங்கை முழுவதும்.

என் ஹோலில் பழைய தண்ணீர்க் கறையை மறைத்து அலுமாரி. நேற்று பாத்திமா ராத்தாவும் பெடியளும் தள்ளி வைத்தது. பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

எல்லோரும் கணுக்கால் என்றார்கள். ராத்தா குனிந்து தொட்டே காட்டினா. அப்படியே கடைசி வீடு.

யோகனுக்குச் சிங்களம் சந்தைச் சிங்களம். வாயை விடக் கைதான் கதைக்கும். அதிகாரி எவ்வளவு வந்தது என்று கேட்டார். "பொட்டக், மாத்தயா." கொஞ்சம்தான், ஐயா. வாய் அப்படிச் சொல்லும்போதே கை உயர்ந்து நெஞ்சில் வந்து நின்றது. மற்றக் கையும் எழும்பி, தோளுக்கு மேலே, உள்ளங்கை வானத்தைப் பார்த்தபடி. எதையோ தாங்குகிற மாதிரி.

அவனுக்கே தெரியவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்த பிறகுதான் குனிந்து தன் கைகளைப் பார்த்தான்.

கணுக்காலா, நெஞ்சா என்று அதிகாரி கேட்டார். யோகன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். மனைவி பிள்ளைகளை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நோனா சொல்லுங்கள்."

கணுக்கால் என்றேன். சத்தமாகச் சொன்னேன். இங்கே ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றும் சொன்னேன். அதை ஒருவரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

எழுதிக்கொண்டு போனார்.

வந்து இவர் படத்துக்கு விளக்கு வைக்கவில்லை. முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நவம்பர் 29, சனி

கேற்றில் மீன் பை இல்லை.

டிசம்பர் 6, சனி

இல்லை. பருப்பு வைத்தேன். யோகன் என் வீட்டைத் தாண்டும்போது மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போகிறான். நான் கோபம் என்று நினைக்கிறானாக்கும். விசரன்.

ஜனவரி 30, வெள்ளி

நல்ல வெயில். கடிதம் வந்தது. மனு ஒரு பகுதிக்கு ஏற்கப்பட்டதாம். ஒழுங்கையின் மற்ற வீடுகள் எல்லாம் திரும்ப வெள்ளை. வாய்க்காலோரக் கடைசி வீடு மட்டும் சிவப்பு.

மேல்முறையீடு உண்டா என்று கேட்டேன். உண்டாம், அளவையாளர் அறிக்கையோடு. பாலத்துப் பக்கம் நின்று மட்டம் எடுக்க எங்களுக்காக எந்த அளவையாளர் வருவார்? பரம் அண்ணை தேடிப் பார்க்கிறேன் என்றார். "வேண்டாம் அண்ணை" என்றானாம் யோகன். "இனியொருக்கா என்னாலை அதைச் சொல்லேலாது."

ராத்தா கருப்பட்டி போட்ட வட்டிலப்பம் கொண்டுவந்தா, ஒழுங்கை பிழைத்ததற்கு. இரண்டு பேரும் சாப்பிடாமல் இருந்தோம்.

பெப்ரவரி 15, ஞாயிறு

யோகன் குடும்பம் போகிறது. கொட்டாஞ்சேனையில் மனைவியின் மாமா வீட்டில் ஓர் அறை. நாலு பேருக்கு. இங்கேயிருந்து கட்டில் ஒன்று, அலுமாரி ஒன்று, பிள்ளைகளின் சைக்கிள். சின்ன லொறி.

இனிப் பொறுக்க முடியாமல் நானே போனேன். முழங்கால் சொல்வழி கேட்கவில்லை. என்னைக் கண்டதும் கயிறு கட்டுவதை விட்டுவிட்டு நின்றான்.

"ஏன் மீன் கொண்டுவாறேல்லை?" என்றேன். வேறு ஒன்றும் வாயில் வரவில்லை.

"என்ன முகத்தோடை அக்கா. எல்லாரும் ஒரு சொல்லிலை நிண்டவை. நீங்களே சொன்னனீங்கள். நான்தான்..." கையை விரித்துக் காட்டினான். "இது கேக்கேல்லை."

லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். அப்போதுதான் கேட்டேன். அன்றைக்குத் தண்ணீர் எவ்வளவு, யோகன்?

வாய்க்கால் பக்கம் திரும்பினான்.

"எனக்கு நெஞ்சுவரைக்கும். முன்னுக்குப் பிடிச்சவனுக்குக் கழுத்துவரைக்கும். கதவைத் தலைக்கு மேலை தூக்கிக்கொண்டுதான் போனனாங்கள். அண்ணை நனையேல்லை அக்கா. சொக்ஸ்கூட நனையேல்லை."