கை தூக்கச் சொன்ன நாள்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்தான்.

இங்கே பள்ளியில் சுகாதாரப் பாடம் எடுக்கிறேன். போன வாரம், "யார் வீட்டுல எலி இருக்கு? கை தூக்குங்க" என்றேன். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி மட்டும் தூக்கினாள். வகுப்பே சிரித்தது. "வீட்டைச் சுத்தமா வச்சா எலி வராது" என்று நானும் சொல்லிவைத்தேன். மறுநாள் அவள் வரவில்லை.

அவள் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை, ஆனால் தரை பளிச்சென்று இருந்தது. பின்சுவரை ஒட்டித் தெருச் சாக்கடை உடைந்து கிடந்தது.

"தினம் ரெண்டு வேளை கழுவுறேன் டீச்சர். சாக்கடைய நான் எப்படி அடைக்கிறது?" என்றார் அவள் அம்மா. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

உங்களிடம் மறைத்துவிட்டேன் அப்பா, என் அறையிலும் எலி உண்டு. அன்று நானும் கை தூக்கவில்லை.

நேற்று அவள் வந்தாள். வகுப்பில் எல்லோர் முன்னாலும் என் அறை எலியைப் பற்றிச் சொல்லி அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒவ்வொருவராகப் பாதி வகுப்பு கை தூக்கியது. சாக்கடைக்காகச் சேர்ந்து மனு எழுதுகிறோம்.

இனிமேல் பலகாரத்தைப் பையில் கட்டாமல், மூடி இறுகிய டப்பாவில் அனுப்புங்கள். காரணத்தை அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

மணி அடித்துவிட்டது, வகுப்புக்குப் போக வேண்டும். அந்தச் சிறுமி இன்னும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

உங்கள் மகள்