குசினியில் நான் சொல்லிக்கொடுத்த பதில்கள்

அன்று நான் சொல்லாமல் விட்டது ஒரு சிறிய வாக்கியம்: "மார்சியாவுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தது நான்தான்." சொல்ல நேரம் இருந்தது. நீ கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருந்தாய். நான் சொல்லவில்லை.

இன்று காலை சனிக்கிழமை வகுப்புக்காக மண்டபத்தைத் திறந்து காஸ் ஹீட்டரைப் பற்றவைத்தேன். விடுமுறையில் படிந்த தூசி கருகி எழுந்த மணத்தில் அந்தச் சனிக்கிழமை அப்படியே வந்து நின்றது. நீ கோட்டைக் கழற்றாமல் ஹீட்டருக்கு முதுகைக் கொடுத்தபடி நிற்கிறாய். உன் கையில் மார்சியாவின் ஆசிரியை எழுதிக் கொடுத்துவிட்ட துண்டுக் காகிதம். பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசி எடுத்துக் காரணம் கேட்டு எழுதியிருந்தார். நேர்முகத் தேர்வில் அந்தப் பெண் மனப்பாடம் செய்து வந்தவள் போலப் பேசினாள்; சொந்தமாகச் சொல்ல அவளிடம் எதுவும் இல்லை; சட்டம் படிக்க இடம் தருவதற்கில்லை.

"சொல்ல ஒண்டுமில்லையாம். எங்கட மார்சியாவுக்கு," என்று சிரித்தாய். பிறகு சிரிப்பு நின்றது. "ஆர் இவளுக்கு இப்பிடிக் கதைக்கச் சொல்லிக் குடுத்தது?"

மண்டபத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். மார்சியா ஒரே ஒருமுறை, நான் நின்ற குசினிக் கதவைப் பார்த்தாள். பிறகு, "ஒருத்தரும் இல்லை. நானாத்தான்," என்றாள். பதினேழு வயதுப் பெண் என்னைக் காப்பாற்றினாள். இருபத்தொரு வயதில் நான் பேசாமல் நின்று அதை ஏற்றுக்கொண்டேன்.

அவளும் நீயும் ஆங்கிலத்தில் பேசியதை என் தமிழில்தான் எழுதுகிறேன். இதில் மார்சியா யாழ்ப்பாணத்துக்காரி மாதிரிக் கதைப்பாள். சிரிப்பதென்றால் சிரி.

அந்த வகுப்பு எப்படித் தொடங்கியது என்பதை நான் மறக்கவில்லை. இங்கே பல்கலைக்கழகத்துக்கு அடுத்த படியான பொலிடெக்னிக்கில் நாங்கள் சட்டம் படித்த முதல் வருடம், விரிவுரை மண்டபத்தில் நீ எழுந்து நின்று கறுப்புப் பிள்ளைகளை எண்ணினாய். ஒரு கையின் விரல்களுக்குள் முடிந்துவிட்டது. "வெளியிலை பஸ்ஸிலை பாத்தா அரைவாசிப் பேர் அவை. இஞ்ச வந்தா எங்கை போட்டினம்?" என்றாய். எனக்கும் அந்தக் கேள்வி வந்திருந்தது. ஆனால் நான் அதைக் குறிப்புப் புத்தகத்தின் ஓரத்தில் எழுதிவிட்டு இருந்துவிடுகிற ஆள். நீ அடுத்த கிழமையே ரொம்போர்ட் ரோட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு தேவாலயத்தின் மண்டபத்தைச் சனிக்கிழமைகளுக்குக் கேட்டு வாங்கிவிட்டாய். பள்ளிக்கூடங்களுக்கும் வாசிகசாலைகளுக்கும் அறிவித்தல் ஒட்டப் போனபோது பசை வாளியைத் தூக்கிக்கொண்டு உன் பின்னால் வந்தது மட்டும்தான் என் பங்கு.

வந்தவர்கள் பெரும்பாலும் ஜமேக்காவிலிருந்தும் கானாவிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள். கெட்டிக்காரர். "உனக்கு ரைப்பிங் சரிவரும்," "நேர்சிங் நல்ல வேலை," என்று பள்ளிக்கூடத்தில் கேட்டுக் கேட்டு வந்தவர்கள். விண்ணப்பப் படிவத்தை எப்படி நிரப்புவது, நேர்முகத் தேர்வில் என்ன கேட்பார்கள் என்று சொல்ல வீட்டில் எவரும் இல்லாதவர்கள். எனக்கும் உனக்கும்கூட அப்படி எவரும் இருக்கவில்லை.

செவன் கிங்ஸில் பெரியபிள்ளையான ஒருத்தியின் சாமத்திய வீட்டில் என் மாமா உன்னை மறித்துக் கேட்டது நினைவிருக்கிறதா? கையில் வடையோடு நின்றார்.

"பிள்ளை, எங்கட பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கிறதை விட்டிட்டு ஏன் காப்பிலியளுக்குப் பின்னாலை திரியிறாய்?"

"எங்கட பிள்ளையளும் வரலாம் மாமா. கதவு பூட்டேல்லை."

"அதில்லைப் பிள்ளை. அவை வேறை, நாங்கள் வேறை."

"போன மாசம் மனோர் பார்க் ஸ்ரேசன் வாசலிலை ஒருத்தன் உங்களுக்குத் துப்பினவன் எல்லோ. அவன் அப்பிடிப் பிரிச்சுப் பாத்தவனோ?"

மாமா வடையைக் கடித்தார். சுற்றி நின்ற பெண்கள் சேலைத் தலைப்பைச் சரிசெய்தார்கள். என் அம்மா என்னை முறைத்தா, பேசியது நான் என்பதுபோல. பேசியது நானாக இருந்திருக்கலாம் என்று அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். கறுப்பரை இழிக்கும் அந்தச் சொல்லை மாமா வாயில் கேட்டு நான் வளர்ந்தவள். ஒருநாள்கூடத் திருப்பிக் கேட்டதில்லை.

வகுப்பில் வேலையை நாங்கள் பிரித்துக்கொண்டோம். மண்டபம் உனக்கு. நடுவில் ஒரு கதிரையைப் போட்டு ஒரு பிள்ளையை இருத்தி, எல்லாரையும் கேள்வி கேட்க விடுவாய். குறுக்கே பேசுவாய், மேசையைத் தட்டுவாய், சில நேரம் வேண்டுமென்றே கொட்டாவி விடுவாய். நடுங்குகிற பிள்ளைகள், நினைத்ததை ஒழுங்காகச் சொல்லத் தெரியாத பிள்ளைகள் குசினியில் என்னிடம் வருவார்கள். தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்து ஒவ்வொருவராகப் பார்ப்பேன். கதவை மூடிவிடுவேன். உள்ளே என்ன நடக்கிறது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. என்னை அவ்வளவு நம்பினாய்.

மார்சியா நடுங்குகிறவள் இல்லை. அவளுடைய குறை வேறு. "ஏன் சட்டம் படிக்க விரும்புகிறீர்?" என்று கேட்டால், ஹக்னியில் வீட்டை விட்டு எழுப்பப்பட்ட பெரியம்மாவில் தொடங்குவாள். அங்கிருந்து, வீட்டுக்குப் பொறுப்பான கவுன்சில் அனுப்பிய கடிதத்துக்குப் போவாள். அந்தக் கடிதத்தில் ஒரு வரி இன்னொரு வரிக்கு எதிராக இருக்கிறது என்பாள். தம்பியைப் பொலிஸ் மறித்த கதை வரும். அங்கிருந்து திரும்பவும் பெரியம்மா. முடிவே இராது. எனக்கு அதைக் கேட்கப் பயமாக இருந்தது. இவ்வளவையும் முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் சொல்வதா?

ஆகவே நான் வெட்டினேன். பெரியம்மாவை வெட்டினேன், கடிதத்தை வெட்டினேன், தம்பியை வெட்டினேன். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கூட ஒண்டும் சேர்க்காதை. நீ சேர்க்கிறதிலை இருந்துதான் அடுத்த கேள்வி வரும். ஒருக்காச் சொன்ன சொல்லை மாத்தாதை." ஐந்து கிழமை. எழுதிக் கொடுத்துப் பாடமாக்க வைத்தேன். அவள் சுருங்கச் சுருங்க எனக்குத் திருப்தியாக இருந்தது.

அந்த விதிகள் எங்கே இருந்து வந்தவை என்று உனக்குச் சொல்லியிருந்தால் உடனே பிடித்திருப்பாய். நீ சின்ன வயதில் இங்கு வந்தவள். நான் பதினாறு வயதில் அம்மாவோடு ஹீத்ரோவில் இறங்கி, குடிவரவு அதிகாரி முன்னால் ஒரு பகல் முழுவதும் இருந்தவள். வருவதற்கு முன் எங்களுக்குச் சொல்லித் தரப்பட்டவை அவை. பிறகு அண்ணையின் அகதி வழக்குக்குச் சொலிசிற்றர் எனப்படும் சட்டத்தரணியிடம் போய்வந்த இரண்டு வருடமும் நான்தான் மொழிபெயர்த்தேன். அங்கேயும் அதே விதிகள். ஒரு திகதி பிசகினால் பொய்யன் என்பார்கள். ஒரு துளி கண்ணீர் கூடினால் நடிப்பு என்பார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர், இந்தப் பக்கம் நான். எனக்குத் தெரிந்த நேர்முகம் அதுதான். இன்னொரு வகை நேர்முகம் உண்டு என்று எனக்கு எவரும் சொல்லவில்லை. நான் பொலிடெக்னிக்குக்கு வந்தது படிவத்தாலும் பெறுபேறுகளாலும். என்னை எவரும் கூப்பிட்டு, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்கவில்லை.

மார்சியாவிடம் கேட்டார்கள். பன்னிரண்டு சாதாரண மனிதர்கள் ஜூரியாக இருந்து ஒரு குற்றத்தைத் தீர்மானிப்பது நல்லதா என்று. "ஓம் சேர்." ஏன்? "நியாயமானது, சேர்." வேறு ஏதாவது? "இல்லை சேர்." எதிரே இருந்தவர் பேனையை மூடிவிட்டாராம்.

படிவத்தில் எழுதிய ஐந்து பல்கலைக்கழகங்களில் மூன்று அவளைக் கூப்பிடாமலே மறுத்திருந்தன. இது நான்காவது. மிச்சம் ஒன்று. அதற்கு மூன்று கிழமை இருந்தது. அதுவும் போனால் அவளுடைய அம்மா ஒரு வங்கியில் பேசி வைத்திருந்த வேலைக்குப் போவதாக வாக்குக் கொடுத்திருந்தாள்.

"அப்ப மூண்டு கிழமை," என்றாய். "அந்தப் பாடமாக்கினதெல்லாத்தையும் கொண்டுபோய்க் குப்பையிலை போடு. எடியே," என்று என்னிடம் தமிழில் திரும்பினாய், "நீ இவளோடை கொஞ்சம் கதை. உன்னட்டை எண்டா அமைதியாக் கேப்பாள்."

அடுத்த நாள் மார்சியாவை வான்ஸ்ரெட் புல்வெளிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெப்ரவரிக் குளிர். இருவரும் கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தோம். உனக்குச் சொல்லாததை அவளுக்குச் சொன்னேன். ஹீத்ரோ, அம்மா, அண்ணை, திகதிகள். அவள் நடுவில் நின்றுவிட்டாள்.

"அதை ஏன் முதல்லயே சொல்லேல்லை? எங்கட அம்மாவும் இதைத்தான் சொல்லுறவ. தம்பிக்கு. பொலிஸ் மறிச்சா கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, கையை வெளியிலை வை, சேர் எண்டு கூப்பிடு எண்டு."

"அதாலதான் நான் சொன்ன உடன நீ பிடிச்சுக்கொண்டாய்."

"ஓம். உங்கட குசினியும் எங்கட குசினியும் ஒரே மாதிரி எண்டு நினைச்சன்."

எனக்குக் கோபம் வந்தது. அவளில் இல்லை, என்னில்கூட இல்லை. விசாரிக்கப்படவே பழக்கப்பட்ட இரண்டு வீடுகள். அந்தப் பழக்கத்தோடு போய் நின்றால், சொந்தமாகச் சொல்ல எதுவும் இல்லை என்று எழுதி அனுப்புகிறார்கள். வாயைக் கட்டுவதற்கு ஒரு மேசை, வாய் கட்டியிருக்கிறது என்று தள்ளிவிட இன்னொரு மேசை. அன்று அந்தப் புல்வெளியில் நான் உரத்துச் சொன்னேன், எனக்கு அது வழக்கமில்லை: "அவர் பொலிஸ் இல்லை, மார்சியா. உன்னைப் பிடிச்சு வைக்க அவராலை ஏலாது. உன்ர பெரியம்மாவைக் கொண்டுபோ. கடிதத்தைக் கொண்டுபோ. அவர் பிழையாச் சொன்னா பிழை எண்டு சொல்லு."

நாயோடு போன ஒரு கிழவர் திரும்பிப் பார்த்தார். மார்சியா அவருக்குக் கையசைத்தாள்.

ஐந்தாவது நேர்முகத்தை முடித்துக்கொண்டு அவள் நேரே மண்டபத்துக்கு வந்தாள்.

"நான் அவரோடை சண்டை பிடிச்சிட்டன்."

"எதுக்கு?" என்றாய்.

"பெரியம்மாவின்ர கதையைச் சொன்னன். அது சோகமான கதை, சட்டப் பிரச்சினை இல்லை எண்டார். அப்ப சட்டப் பிரச்சினை எந்த வரியிலை தொடங்குது எண்டு காட்டுங்கோ எண்டு கடிதத்தை எடுத்து மேசையிலை வைச்சன்."

"காட்டினவரோ?"

"கண்ணாடியைப் போட்டு ரெண்டு தரம் வாசிச்சார். பிறகு நானும் அவரும் ஒரு வரியைப் பிடிச்சுக்கொண்டு வாதாடினம். வெளியிலை அடுத்த பிள்ளை காத்துக்கொண்டிருந்தது."

நீ கதிரையில் ஏறி நின்று கை தட்டினாய். கடிதம் வந்து இடம் கிடைத்தது தெரிந்த நாளில், எல்லாருக்கும் முன்னால் என் தோளில் கை போட்டு, "இவள்தான் மார்சியாவைத் திருத்தினது," என்றாய். மார்சியா என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் அதற்கும் வாய் திறக்கவில்லை.

பிறகு மூன்று வருடம். இருபத்தைந்தாம் இலக்க பஸ்ஸில் உன் பக்கத்தில் இருந்து எத்தனை தரம் போனேன். சந்தர்ப்பம் வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். நீ என்னைக் குசினியிலிருந்து எடுத்துவிடுவாய் என்று பயந்தேன். அந்தப் பிள்ளைகளோடு இருக்கிற ஒரு மணித்தியாலம்தான் அந்த நாட்களில் எனக்கு என்று இருந்தது. நீ எடுத்திருக்கமாட்டாய். திட்டியிருப்பாய், "விசரி" என்றிருப்பாய், அடுத்த கிழமை குசினிக் கதவைத் திறந்து வைக்கச் சொல்லியிருப்பாய். அது எனக்கு அன்றும் தெரியும்.

இதை மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. மார்சியாவிடம் கேட்டாயிற்று, உன்னிடம் கேட்க நேரம் தவறிவிட்டது. இதில் வெட்கப்படவேண்டியவர்கள் என்னைத் தவிரவும் இருக்கிறார்கள். அவர்களுடைய பங்கையும் நானே சுமக்கப் போவதில்லை. நான் சுமப்பது ஒரு வேலையை. ஒவ்வொரு வருடமும் முதல் சனிக்கிழமை, புதுப் பிள்ளைகள் வந்து இருந்தவுடன், நான் ஒரு பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுத்தேன், அதனால் அவள் எதை இழந்தாள், அந்த விதிகள் எனக்கு எங்கே கிடைத்தன என்று எழுந்து நின்று சொல்கிறேன். பிறகு கேட்கிறேன்: "உங்கட வீட்டிலை உங்களுக்கு என்ன சொல்லித் தந்தவை?" முதலில் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். பிறகு ஒருவர் தொடங்குவார். இன்று தொடங்கியது கானாப் பிள்ளை ஒருத்தி. என் மாமாவின் பேத்தி அவளுக்குப் பக்கத்தில் இருந்து, "எங்கட வீட்டிலையும் அதேதான்," என்றாள்.

மார்சியா அந்தப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தாள். அவளுடைய இறுதிப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது உனக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. நான்காம் நாள் நீ இறந்துபோனாய். அவள் செத்தவீட்டுக்கு வந்து, அன்று பின்னேர ரயிலிலேயே திரும்பிப் போய்ப் படித்தாள். சித்தியடைந்தாள். போன செப்டெம்பரில் சொலிசிற்றர் ஆனாள். அதை முதலில் உன் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னாள், எனக்கு அடுத்த நாள்தான் சொன்னாள்.