சிலைக்குப் பின்னால் ஒரு துளை

அன்புள்ள தங்கை ஆவிஸ்,

உன் இருமல் விட்டதா? அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? நான் நலம். மடத்தின் வாசல் கோபுரம் இரண்டாம் தளத்தைத் தொட்டுவிட்டது. பழைய வாசலைத்தான் கலகத்தில் ஊர்க்காரர்கள் உடைத்துவிட்டார்களே. அதனால் புதியதில் புனிதர் சிலைகளுக்குப் பின்னால், அம்பு விடுவதற்குத் துளை வைக்கச் சொன்னார்கள் துறவிகள். அதில் ஒரு துளையைச் செதுக்கியது நான்.

எனக்குத் தங்க இடம் தந்திருக்கும் சிசிலி அக்கா நேற்று வேடிக்கை பார்க்க வந்தாள். அந்தக் கலகத்தில் மகனைப் பறிகொடுத்தவள்.

"இந்தப் புனிதர் முகத்துல என்ன ஒரு சாந்தம். பின்னால கறுப்பா தெரியுதே, அது என்ன, ஹாமோ?"

"காத்து போகத்தான்க்கா."

அவள் அங்கேயே மண்டியிட்டு, மகனுக்காக வேண்டினாள். "இந்தப் பையன் சாரத்துலேருந்து விழாம பாத்துக்கோ" என்று எனக்காகவும் வேண்டினாள். நான் மேலேறித் துளை வழியாகப் பார்த்தேன். அவள் நெற்றி நேராகத் தெரிந்தது. "சுத்தமான வேலைடா" என்று மேஸ்திரி தட்டிக்கொடுத்தார். ராத்திரி அக்கா ஊற்றிய கஞ்சியைத் தலை நிமிராமல் குடித்தேன்.

கம்பளிக் காலுறை அனுப்பு. அக்காவுக்கு நம் வீட்டுப் பாலாடைக்கட்டியும் கொஞ்சம் வை. மேஸ்திரி கூப்பிடுகிறார். அம்மா கேட்டால், சாமிக்கு மாடம் கட்டுகிறான் என்று மட்டும் சொல்.

உன் ஹாமோ