உப்பு, சீனி, ஒரு செம்புத் தண்ணீர்

என் அன்பு மச்சாள் தவமணிக்கு,

மாரி முடிந்துவிட்டது. நிலாவெளிக் கடலில் கரைவலைக்காரர் திரும்பவும் இறங்கிவிட்டார்கள். உங்கள் தம்பி பள்ளிக்கூடம் போகிறார், வருகிறார், என்னோடு அதிகம் கதைப்பதில்லை. உங்கள் மகள் சாந்தி எங்களோடுதான் இருக்கிறாள். தகப்பனும் இல்லாத பிள்ளை, வேறெங்கே போவாள்? நேற்று அவள் கேட்ட ஒரு கேள்விதான் என்னை இதை எழுத வைக்கிறது.

ஆசிரியர் பயிற்சி வகுப்புக்குப் போய்வந்த அன்று நீங்கள் ஆடிய கூத்து நினைவிருக்கிறதா? ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் நீங்கள், உங்கள் தம்பி, நான் என்று நம் மூவரின் பாடக்குறிப்புகளிலும் இருந்த நோக்கங்களையெல்லாம் துண்டுக் கடதாசிகளில் எழுதிக் குசினியில் அடுப்படித் தரையில் பரப்பினீர்கள். பிள்ளை நினைவில் வைத்துச் சொல்வது ஒரு குவியல். விளங்கிச் சொல்வது அடுத்தது. படித்ததைக் கொண்டு ஒரு காரியம் செய்வது அதற்கும் மேலே. பிரித்துப் பார்ப்பது, சேர்த்து ஆக்குவது, சரி பிழை தீர்ப்பது என்று இன்னும் மேலே மேலே போனது. முதற் குவியல் சுளகு நிறைந்து வழிந்தது. மேலே போகப் போக வெறுந்தரைதான்.

“பாத்தியளே? எங்கட பிள்ளையள் எல்லாத்தையும் சொல்லுவினம். ஒண்டையும் செய்யமாட்டினம்” என்றீர்கள்.

“அக்கா, எனக்குப் பசிக்குது. உந்தக் குப்பையை அள்ளுங்கோ” என்றார் உங்கள் தம்பி. மூவரும் சிரித்தோம்.

பிறகு கல்வி அதிகாரியின் கந்தோரிலிருந்து கட்டளை வந்தது. ஒவ்வொரு பாடத்தின் நோக்கமும் எந்தப் படியைச் சேர்ந்தது என்று குறிக்க வேண்டுமாம். ஆசிரியர் அறையில் என்ன செய்தார்கள்? பழைய பாடத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதற்கு நேரே, பிள்ளை செய்துகாட்டும் படியான ‘பிரயோகம்’ என்று எழுதினார்கள். அதிகாரி வந்தார், பார்த்தார், மெச்சினார், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். உங்களுக்குத்தான் பற்றி எரிந்தது.

வயிற்றோட்டக்காரருக்கு உப்பும் சீனியும் கரைத்த தண்ணீர் கொடுக்கும் பாடத்துக்கு நீங்கள் செம்பும் உப்பும் சீனியும் கொண்டுபோனீர்கள். பிள்ளைகளே கலக்க வேண்டும், கண்ணீரை விட உப்புக் கூடாமல் இருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது உங்கள் எண்ணம். வகுப்பு வாசலிலேயே பள்ளிக்கூட அதிபர் மறித்தார்.

“டீச்சர், இதென்ன தேத்தண்ணிக் கடையோ? கரும்பலகையில எழுதிப்போடுங்கோ, பாடமாக்கட்டும்.”

எழுதிப்போட்டீர்கள். வரி பிசகாமல் பாடமாக்கினார்கள். சாந்தியும் அந்த வகுப்பில்தானே இருந்தாள்.

மாரியில் ஊரெல்லாம் வயிற்றோட்டம் பரவி உங்களையும் பிடித்தபோது நான் மூதூரில் தாய்வீட்டில் பிள்ளை பெற்றுக் கிடந்தேன். வெள்ளத்தில் ரோட்டும் இல்லை, கடலால் வர லோஞ்சும் இல்லை. நான் வந்து சேர்ந்தபோது உங்களைச் சுடலைக்குக் கொண்டுபோய் எல்லாம் முடிந்திருந்தது. அயலவர்கள் சொல்லித்தான் தெரியும். தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று எல்லாரும் தடுத்தார்களாம். நீங்கள் கேட்கக் கேட்க ஈரச் சீலையால் உதட்டை மட்டும் துடைத்தார்களாம். “உப்பு, சீனி” என்று நீங்கள் முனகியபோது, “நினைவில்லாமல் பிசத்துறா” என்று சொல்லித் திருநீறு பூசினார்களாம். செம்பு உங்கள் தலைமாட்டிலேயே இருந்ததல்லவா, மச்சாள்?

பக்கத்து வகுப்பில் அதே பாடத்தை எழுதிப்போட்டவர் உங்கள் தம்பி. அவரும் அங்கேதான் நின்றார். அவர் முகத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. பாவமாகவும் இருக்கிறது.

இந்தத் தவணைப் பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. உங்கள் வகுப்பை இப்போது நான்தான் எடுக்கிறேன், நான்தான் திருத்தினேன். வகுப்பு முழுவதும் சரி. சாந்தியின் விடையில் ஒரு பிழை இல்லை. “பாத்தியளே டீச்சர், பாடமாக்கினால் நிக்கும்” என்று அதிபர் பெருமைப்பட்டார். அந்த வாயை என்ன செய்ய?

நேற்றுப் பின்னேரம் சாந்தி விடைத்தாளோடு குசினிக்குள் வந்தாள்.

“மாமி, இதை அம்மாவுக்கும் குடுத்திருக்கலாமோ?”

முதற் குவியலில் கிடந்த துண்டு ஒன்று எழும்பி நடந்ததை நான் கண்ணால் கண்டேன், மச்சாள். இவ்வளவு பிந்தியா?

இல்லை என்று சொன்னால் நீங்கள் தரையில் பரப்பியதெல்லாம் பொய். ஓம் என்றால் அதைச் சுமந்துகொண்டு வளரப்போவது பிள்ளை. குழந்தையை ஏணையில் விட்டுவிட்டு அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன்.

“ஓம் மகள், குடுத்திருக்கலாம். குடுத்திருக்க வேண்டியது பெரிய ஆக்கள். நீயில்லை.”

அவள் அழவில்லை. “நான் பக்கத்திலதான் நிண்டனான் மாமி. அம்மா என்னைப் பாத்துத்தான் கேட்டவ” என்றாள்.

அவள் கையிலிருந்த விடைத்தாளை வாங்கி வைத்துவிட்டுத் தலையைத் தடவினேன். நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

திங்கட்கிழமை நான் செம்போடு வகுப்புக்குப் போகிறேன். அதிபர் மறிக்கட்டும், கந்தோருக்கு எழுதட்டும், எங்காவது தூரத்துக்கு மாற்றம் போடட்டும். பாடக்குறிப்பில் படியின் பெயரை எழுத மாட்டேன். ‘பிள்ளை கலந்து, குடிக்கக் கொடுக்கும்’ என்று எழுதுவேன். முதற் செம்பைச் சாந்திதான் கலப்பாள். நான் அவளைப் பார்த்துத் தண்ணீர் கேட்பேன். அவள் தருவாள். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் தம்பியின் மனைவி, சாந்தியின் மாமி,
என்றும் உங்கள் மச்சாள்
ராணி