அப்பா கேட்டால் சொல்ல வேண்டிய பதில்

துர்ரியால்பா,
ஜூன் 14

அன்பு மகள் யாமிலெத்துக்கு அம்மா எழுதுவது. அந்தக் குளிர் தேசத்தில் நீயும் மருமகனும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாதாவிடம் தினமும் கேட்கிறேன். நான் சுகம். அப்பாவும் சுகம் என்று பழக்கத்தில் எழுதிவிட்டு அடித்திருக்கிறேன், பார்த்திருப்பாய். அந்த வார்த்தையால் நமக்கு ஏழு மாதம் வீணாயிற்று. போனில் சொல்ல முடியாது, அப்பா அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

நம் ஊர் டாக்டர் அவரைத் தலைநகரில் உள்ள சிறப்புப் பிரிவுக்கு எழுதி அனுப்பியது உனக்குத் தெரியும். இந்த ஓயாத சந்தேக நோய்க்கென்றே அரசாங்கம் நடத்துவது அது ஒன்றுதான், எட்டே கட்டில், யாரைச் சேர்ப்பது என்று மூன்று டாக்டர்கள் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். நவம்பரில் கூப்பிட்டபோது நான் அவருக்குச் சவரம் செய்துவிட்டு, வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு, மரியாதையாகப் பேசுங்கள் என்று சொல்லிக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா எப்படி இருக்கிறீர்கள் என்றதும், ஆண்டவர் புண்ணியத்துல நல்லாருக்கேன், உங்க வீட்ல எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டார் அப்பா. என்னைக் கேட்டார்கள், நானும் அதையே சொன்னேன். யாரிடமும் நாம் வேறு மாதிரி சொன்னதில்லையே. நன்றாக இருப்பவருக்குக் கட்டில் எதற்கு என்று அனுப்பிவிட்டார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை உன்னிடம் மறைத்தேன். யாரையோ இடித்துவிட்டோமோ என்ற சந்தேகத்தில் அவர் பஸ் ஓட்டுவதை விட்டு ஒன்பது வருஷமாயிற்று, சைக்கிளையும் விற்றாயிற்று, இப்போது நடந்து போனாலும் யாரையோ இடித்துத் தள்ளிவிட்டதாக நினைத்துத் திரும்பிப் போகிறார். மார்ச்சில் அவர் காலை உடைத்துக்கொண்டது உன்னிடம் சொன்னதுபோல நம் வீட்டுப் படியில் இல்லை. யாராவது கிடக்கிறார்களா என்று பார்க்க ஆற்றுப் பாலத்துக்கு அடியில் இறங்கியிருக்கிறார்.

அன்றிலிருந்து நோட்டுப் போட்டேன். எத்தனை தடவை திரும்பிப் போனார், நான் யாரையாவது இடிச்சேனா என்று எத்தனை தடவை கேட்டார், நான் என்ன சொன்னேன், எல்லாம் தேதிவாரியாக. ஒரு செவ்வாய்க்கிழமை ஐம்பத்து மூன்று தடவை கேட்டார், ஜெபமாலையில் 'அருள் நிறைந்த மரியே' எத்தனையோ அத்தனை. ஏய் கிழவி, மேல போனா எனக்கு எதிரா சாட்சி சொல்லவா எழுதுற என்றார். ஆமாம் என்றேன்.

போன வாரம் மறுபடி கூப்பிட்டார்கள். சவரம் செய்யவில்லை. பஸ்ஸில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் நிறுத்தச் சொன்னார். ஓட்டுறது நான், இடிச்சா பாவம் எனக்கு, நீங்க கொஞ்சம் தூங்குங்க எலியேசர் ஐயா என்றான் டிரைவர். அங்கே போனதும் வழக்கம்போல நல்லாருக்கேன் என்று ஆரம்பித்தார். பொய் சொல்றார் டாக்டர், போன தடவை நானும் பொய்தான் சொன்னேன் என்று நோட்டை மேஜைமேல் வைத்தேன். மூன்று பேரும் அதைப் படித்தார்கள். ஜூலை ஏழாம் தேதி கட்டில் கிடைத்திருக்கிறது.

ஆனால் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இத்தனை தடவை 'இல்லை' சொன்னது நீங்களா அம்மா என்று கேட்டார். ஒவ்வொரு தடவையும் நான்தான் என்றேன், கொஞ்சம் பெருமையாகத்தான். அந்த 'இல்லை'தான் இந்த நோய்க்குத் தீனி, பத்து நிமிஷம் தாங்கும், அப்புறம் மறுபடி பசிக்கும் என்றார். ஒன்பது வருஷமாக அரிசியும் பீன்ஸும் பரிமாறியதுபோல அதையும் பரிமாறியிருக்கிறேன், மகளே. இனி வீட்டில் யாரும் அதைச் சொல்லக் கூடாதாம், நீ உள்பட. சொன்னால் அங்கே பாடுபடுவதெல்லாம் ஒரே போனில் போய்விடுமாம்.

நேற்று கேட்டார். தெரியல என்றேன். அவரை நான் இடித்துவிட்டதுபோலப் பார்த்தார். உள்ளே போய் மாதா படத்துக்கு முன்னால் நின்றேன், ஜெபம் ஒன்றும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கிருந்து உனக்குப் போன் செய்ய விடுவார்கள். கேட்பார், அழவும் செய்வார். தெரியலப்பா, சாப்பாடு எப்படி இருக்கு என்று மட்டும் கேள். மறந்துவிடாதே. மாதா உன் நாக்கைக் காக்கட்டும், உங்கள் இருவரையும் ஆசீர்வதிக்கட்டும்.

முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியதில் அவர் ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை. இனி அவரிடம் சொல்ல முடியாததால் உனக்கு எழுதி வைக்கிறேன்.

உன் அம்மா,
எர்மெலிந்தா