ஃப்ரிட்ஜ் பக்கத்தில் ஒரு சீசன்

என்னங்க, என் ராசா,

நேற்றோடு நம்ம டீமுக்கு இந்த சீசன் முடிந்தது. தோற்றுத்தான் போனார்கள். இதை உங்களிடம் சொல்லாமல் நான் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்? இந்த அமெரிக்க ஃபுட்பாலில் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள் என்பதே நம் சபையில் பாதிப் பேருக்குத் தெரியாது. போன வருஷம் வரை எனக்கு மட்டும் என்ன தெரிந்தது?

ஆகஸ்டில் டாக்டர் உங்கள் கணையத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு, இனி மருந்து வலிக்கு மட்டும்தான் என்றார். நீங்கள் சுவரையே பார்த்துக்கொண்டு கேட்டீர்கள். காரில் ஏறியதும், "சீசன் முடியுற வரைக்காவது இருந்துட்டாப் போதும்"னு சொன்னீர்கள். எனக்கு வந்ததே ஒரு கோபம்! பெண்டாட்டியோடு இருக்க வேண்டும், மகள் கல்யாணத்தைப் பார்க்க வேண்டும் என்றா சொன்னார் இந்த மனுஷன்? பிளெய்ன்ஸ்பரோ வீடு வந்து சேரும் வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் நம்ம டீமுக்குப் புதிதாக வந்த அந்தப் பையன் ஓடினான், என்ன ஓட்டம்! வருஷக்கணக்கில் தோற்றே பழகிய டீம். இவன் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு, அத்தனை மலைமாடுகளுக்கு நடுவில் எங்கேயோ ஒரு சந்து கண்டுபிடித்துப் புகுந்துவிடுவான். நீங்கள் அவனைத் 'தம்பி' என்றுதான் கூப்பிட்டீர்கள். ஞாயிறு ஆராதனையில் பாஸ்டரின் கடைசி ஜெபம் நீண்டால், சட்டைப்பையில் கார் சாவியைக் குலுக்குவீர்கள். ஒரு மணிக்குத் தம்பி ஆட வந்துவிடுவானே.

ராகுகாலம் பார்க்காத, பூனை குறுக்கே போனால் அதற்கு டாட்டா காட்டுகிற ஆள் நீங்கள். ஆட்டம் என்று வந்துவிட்டால் மட்டும் பாளையங்கோட்டையில் கிரிக்கெட் பார்த்த பழைய ஆளாகிவிடுவீர்கள். நம்ம ஆள் நன்றாக ஆடும்போது யாரும் இடம் மாறக் கூடாது, மாறினால் அவுட். செப்டம்பரில் முதல் ஆட்டத்தின்போது நான் தயிர் எடுக்க ஃப்ரிட்ஜ் பக்கம் வந்தேன். அந்த நேரம் பார்த்துத் தம்பி ஓடித் தொலைத்தான். நீங்கள் திரும்பாமலே கையைத் தூக்கி, "ஏட்டி, அசையாத. அங்கனயே நில்லு"ன்னீர்கள்.

அன்றிலிருந்து அதுதான் என் இடம். நீங்கள் ரிக்ளைனரில், நான் உங்களுக்குப் பின்னால் ஃப்ரிட்ஜில் சாய்ந்துகொண்டு. கால் கடுக்கிறது என்று முனகினால், ஜெயிக்க வேண்டாமா என்பீர்கள். அங்கிருந்து பார்த்தால் டிவி முழுசாகத் தெரியும். உங்களில் தெரிவது அந்த நீலக் கம்பளித் தொப்பி மட்டும்தான். வாரா வாரம் தொப்பி நாற்காலிக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கிக்கொண்டே போனது.

நவம்பர் ஞாயிறு உங்களுக்கு நினைவிருக்கிறதா? காலையில் நர்ஸ் வந்துவிட்டுப் போனாள். கஞ்சி வேண்டாம் என்றீர்கள். ஆட்டம் பாதி தாண்டியிருந்தது. தம்பி பந்தை வாங்கினான். நீங்கள் மெதுவாக, "அங்கனயே நில்லு"ன்னீர்கள். நான் நின்றேன். ஒருத்தனை உதறினான், ஓரமாகத் திரும்பினான், மைதானத்தின் அந்தக் கோடி வரை யாராலும் அவனைத் தொட முடியவில்லை. "பாத்தீங்களா?" என்று கத்தினேன். நீங்கள் பதில் சொல்லவில்லை. ஓடிவந்து பார்த்தபோது உங்கள் கண் திறந்துதான் இருந்தது.

அவன் எல்லையைத் தொட்டதைப் பார்த்தீர்களா? அல்லது அவன் ஓடத் தொடங்கும்போதே நீங்கள் கிளம்பிவிட்டீர்களா? நிம்மதியாகப் போயிருக்கிறார் என்றாள் நர்ஸ். கர்த்தருடைய சித்தம் என்றார் பாஸ்டர். இடியாப்பமும் சொதியுமாகக் கொண்டுவந்த சபை ஆன்ட்டிகள், கடைசி வரைக்கும் பக்கத்திலேயே இருந்தியே ஸ்டெல்லா என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். பக்கத்தில் எங்கே இருந்தேன்? நாலு எட்டு வைத்திருந்தால் உங்கள் கையைப் பிடித்திருப்பேன். நான் டிவியைப் பார்த்துக்கொண்டு நின்றேனே.

அடக்கம் முடிந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஃப்ரிட்ஜ் பக்கத்தில்தான் நின்றேன். டீம் ஜெயித்துக்கொண்டே வந்தது. நம்ம மகள் ஜெமி ஆஸ்டினிலிருந்து வந்தவள், இங்கிருந்தே வேலை பார்க்கிறாள். நான் நிற்பதைப் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பிவிடுவாள். நேற்று மட்டும் லேப்டாப்பை மூடிவிட்டு, "அம்மா, அப்பா வான்ட்டட் யூ தேர். இட்ஸ் நாட் யுவர் ஃபால்ட்"னாள். நான் டிவியையே பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் தம்பி விழுந்தான். குவியலாக மேலே விழுந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள், அவன் எழவில்லை. முழங்கால் திரும்பிக் கிடந்தது. எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை, கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். ரிக்ளைனரைத் தாண்டி டிவி முன்னால் போய் மண்டியிட்டு, எந்திரிப்பா, எந்திரிப்பா என்று அழுதேன். அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். முகத்தைத் துண்டால் மூடியிருந்தான்.

யாரோ பெற்ற பிள்ளை, எங்கேயோ ஒரு மைதானத்தில் விழுந்ததற்கு இத்தனை வேகமாக ஓட முடிந்ததே என்னால். உங்களிடம் ஏன் அப்போதே ஓடிவரவில்லை? ஜெமி பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். அப்புறம் ஆட்டத்தை யாரும் பார்க்கவில்லை, தோற்றதை அவள் போனில் பார்த்துத்தான் சொன்னாள்.

அடுத்த சீசனில் தம்பி ஆடுவானா என்று தெரியாது. ஆடினாலும் ஆடாவிட்டாலும் செப்டம்பரில் டிவியைப் போடுவேன். உங்கள் நாற்காலியை ஒட்டி ஒரு ஸ்டூல் போட்டு உட்காருவேன். டீம் தோற்றால் தோற்றுவிட்டுப் போகட்டும். பந்து அவன் கைக்கு வரும்போது நான் அவனைப் பார்க்க மாட்டேன், உங்கள் பக்கம்தான் திரும்பியிருப்பேன்.

அங்கனயே நிற்காமல் நாற்காலிப் பக்கம் வந்துவிட்ட
உங்கள் மனைவி,
ஸ்டெல்லா